ஜெப நேரத்தில் கூவிய போன்

அத்தியாயம் 6

"கர்த்தாவே, நீர் எங்கே இருக்கிறீர்?" என்று ஸெமு கண்களை மூடிக்கொண்டு உருக்கமாகக் கேட்டார்.

"இங்கேதான் இருக்கேன்! வந்து எடுத்துக்கோ!" என்று பதில் வந்தது. கூடவே ஒரு கோழி கெக்கெக்கே என்று சிரித்தது.

பதில் சொன்னது ஸெமுவின் புது போன். சொன்ன நேரம்தான் வினையாகிவிட்டது. வைலாங்கி கிராமத்தில், சாயங்காலம் ஈரப்பலா மரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரை இரும்புக் கம்பியால் மூன்று முறை அடித்துவிட்டால் ஜெப நேரம் ஆரம்பம். அப்புறம் ரோட்டில் நடக்கக்கூடாது, ரேடியோ பாடக்கூடாது, நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். மீறுகிறவர்களைப் பிடிக்க ஊர் இளவட்டங்கள் ரோட்டோரம் வரிசையாக நிற்பார்கள். முதல் தடவை கோழி சிரித்ததற்கு ஸெமு ஒரு பெட்டி மீன் டின் அபராதம் கட்டினார். இரண்டாம் தடவைக்கு ஒரு பன்றி. மூன்றாம் தடவை அபராதம் எதுவும் கேட்கவில்லை. குடும்பத்தோடு ஊரை விட்டே போ என்று ஊர்ச்சபை இன்று மத்தியானம் தீர்ப்புச் சொல்லப்போகிறது.

இத்தனையும் என் டாக்ஸியின் பின் சீட்டில் வைத்துச் சொல்லப்பட்டது. சொன்னது ஸெமு இல்லை, அவர் மனைவி ஒலியானா. ஸெமு ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்றார் அவர். "இவதான் ஆபியா டவுன் வரைக்கும் இழுத்துட்டு வந்தா."

"இழுக்காம? மாமியார் சமாதி வீட்டு வாசல்ல இருக்கு. அதைத் தோள்ல தூக்கிட்டா ஊரை விட்டுப் போறது?"

முன் சீட்டில் டெலீசியா அக்கா உப்பிய பான்கேக்கைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் போலீஸ். இப்போது சொந்தத் தொழில்: காணாமல் போன பன்றிகள், காணாமல் போன கணவர்கள். இரண்டில் பன்றி கேஸ்தான் சுலபம், அது தேடுகிறவர்களிடம் பொய் சொல்லாது என்பாள். நான் பெலெனாட்டோ, அவளுடைய உதவியாளன். உதவியாளன் என்றால் டாக்ஸி ஓட்டுவது, கதவு தட்டுவது, அவள் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. மூன்றாவதுதான் எனக்கு வராது.

"அந்தக் கோழியை நீங்க போன்ல போட்டீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"சத்தியமா இல்ல. ரெண்டு தடவை அழிச்சேன். காலைல பார்த்தா மறுபடி உக்காந்திருக்கு."

"எங்க மச்சான் மாதிரி," என்றேன் நான். "வழியனுப்பி வச்சா விடியறதுக்குள்ள திரும்பி வந்துடுவான்."

"போன் எங்க வாங்குனீங்க?"

ஸெமு மறுபடி கடலைப் பார்த்தார். "கிடைச்சது," என்றார். அக்கா என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள். அந்தப் புருவம் தூக்கப்பட்டால் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஸெமுவின் வீடு ரோட்டை ஒட்டியே இருந்தது. வாசலில் வெள்ளையடித்த சமாதி, அதன்மேல் புதுப் பூ. திண்டாட்டம் என்னவென்றால், ஒலியானா எல்லாவற்றையும் ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டாள். பாய்கள், பானைகள், தையல் மிஷின், எல்லாம் சமாதியைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

போன் ஸெமுவிடம் இல்லை. மூன்றாம் தடவை பிடிபட்ட அன்றே அதைச் சபைப் பேச்சாளர் தோலெஃபோ பறிமுதல் செய்துவிட்டார். ஊர்ச்சபையில் பேச்சாளர் சொன்னால் அது இடி. ஸெமுவை ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்று முதலில் சொன்னதும் அவர்தான். நேராக அவர் வீட்டுக்குப் போனோம்.

தோலெஃபோ வெற்று மார்பும் வேட்டி மாதிரி சுற்றிய லாவாலாவாவுமாக, கையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா ஒரு பெரிய சோற்றுப் பானையைச் சுமந்து வந்தாள். பானைக்குள் பிஸ்கட் டின். டின்னுக்குள் துண்டு. துண்டுக்குள் தலையணை உறை. அதற்குள் போன்.

"ஏன் பெரியவரே, குளிருதாமா?" என்றேன்.

"வாயை மூடு. அது பிசாசு," என்றார் தோலெஃபோ.

அக்கா போனைத் தரையில் வைத்துவிட்டு அதையே பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது, பளபளவென்று. ஒரு விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். கோழிப் படம் போட்ட செயலி ஒன்று மூலையில் உட்கார்ந்திருந்தது. எதற்கெல்லாம் அதற்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்த்தாள்.

"பெலெ, இங்க பாரு. இது எப்பவும் காது குடுத்துக் கேக்கலாம். நீங்க எங்க இருக்கீங்கன்னு பார்க்கலாம். படமெல்லாம் எடுத்துக்கலாம். சொந்தக்காரங்க நம்பர் பூராவும் எடுத்துக்கலாம்."

"ஸெமுவோட சொந்தக்காரங்க பூராவுமா? பாவம் அந்தக் கோழி. முழுத் தீவையும்ல சுமக்கணும்."

"யாரு குடுத்தா இந்த அனுமதியை?"

"ஸெமுதான்," என்றார் தோலெஃபோ.

"அவரை யாருமே கேக்கலை, பெரியவரே. இந்த போன் பொறக்கும்போதே எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டுப் பொறந்திருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கொசு. பேச்சாளர் வீட்டுக் கொசு என்பதால் அதற்கும் கொஞ்சம் கர்வம் இருந்தது. என் தொடையில் உட்கார்ந்தது, அடித்தேன், தப்பியது. முழங்காலில் அடித்தேன். கழுத்தில் அடித்தேன்.

பட். பட். பட்.

"இங்கேதான் இருக்கேன்! வந்து எடுத்துக்கோ!" என்று போன் கத்தியது. கோழி சிரித்தது.

அதே நொடியில் தோலெஃபோ எழுந்து நின்று கண்ணை மூடி, தொண்டை கிழியப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். 'ஸ்தோத்திரம்' என்ற சொல்லை அவர் இழுத்த இழுப்பில் கூரையில் இருந்த பல்லி இடம் மாறியது. பிசாசை விரட்டுகிறார் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. நானும் கூடச் சேர்ந்து பாடினேன். அக்கா மட்டும் பாடவில்லை. போனை எடுத்துக் கோழியின் தலையில் விரலை வைத்தாள். அது அடங்கியது. தோலெஃபோ மட்டும் இன்னும் ஒரு சரணம் பாடினார். பாடிக்கொண்டே உள் அறைக்குப் போய், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நல்ல குரல்," என்றாள் அக்கா.

"கர்த்தர் குடுத்தது," என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

போனை மறுபடி பானைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்ததும் அக்கா என் முதுகில் தட்டினாள். "உன் கொசு கேஸைப் பாதி முடிச்சிடுச்சுடா. கை தட்டினா பதில் சொல்ற செயலி இது. போனை எங்கேயோ வச்சுட்டுத் தேடறவங்களுக்காகச் செஞ்சது. மூணு தட்டு தட்டினா, எடுத்து அமத்தற வரைக்கும் கூவும்."

"ஜெப நேரத்துல யாரு கை தட்டினா?"

அவள் மரத்தைக் காட்டினாள். கேஸ் சிலிண்டர் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மூன்று அடி. டாங், டாங், டாங். ஊரையே ஜெபத்துக்குக் கூப்பிடும் சத்தத்தை அந்த மடக் கோழி தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

"அப்போ முடிஞ்சது! போய்ச் சபையில சொல்லிடலாம்."

"சொன்னா? 'வச்சிருந்தது நீ, கத்தினது உன் வீட்ல'ன்னு அனுப்பிடுவாங்க. காரணம் தெரிஞ்சாலும் தண்டனை குறையாதுடா. வா, கொஞ்சம் நடக்கலாம்."

நடந்தோம். ஒரு வீட்டில் ஒரு அம்மாள் தாமிரப் பானை மூடியின்மேல் கல்லை ஏற்றி வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குத் தயார் பண்ணுகிறாளாம். பானையில் என்ன என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமில்லாததற்கு எதற்கு இவ்வளவு பெரிய கல் என்று கேட்டேன். துடைப்பத்தை எடுத்தாள். நாங்கள் கொஞ்சம் வேகமாக நடந்தோம்.

தேவாலய வாசலில் போதகர் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "இந்த ஊரு மாறிப்போச்சம்மா! முன்னெல்லாம் சாயங்காலம் முணுமுணுன்னு ஜெபம் பண்ணுவாங்க. இப்போ வீட்டுக்கு வீடு பாட்டு! அடிவயித்துலேர்ந்து பாடுறாங்க. பக்கத்து ஊர்க்காரங்க வந்து எப்படிய்யான்னு கேட்டுட்டுப் போறாங்க."

"எப்பலேருந்து போதகரே?"

"நம்ம மனுலேலே பெரிய தலைவரா பட்டம் ஏத்துக்கிட்டாரே, அந்த விருந்துலேருந்து. ஆவியானவர் இறங்கிட்டார்."

"எல்லா வீட்லயுமா?"

போதகர் கொஞ்சம் தயங்கினார். "ஸெமு வீட்ல மட்டும் பழையபடி மெதுவாத்தான். அதான் பாருங்க, அந்த வீட்டுக்குச் சோதனை."

அக்கா அப்படியே நின்றாள். பிறகு திரும்பி, கிட்டத்தட்ட ஓட்டமாக ஸெமு வீட்டுக்குப் போனாள். ஒலியானாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ கேட்டாள். ஒலியானா ஸெமு இருக்கும் பக்கம் பயத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அக்கா திரும்பி வந்தபோது பண்டிகைக்குக் கோழி அறுக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"பெலெ, உனக்கு சிலிண்டர் அடிக்க வருமா?"

"வரும். ஆனா நேரங்கெட்ட நேரத்துல அடிச்சா அபராதம் எனக்கு. என்கிட்ட பன்றி இல்ல."

"என் கை அசைஞ்சதும் மூணு அடி அடி. பன்றியை நான் பாத்துக்கறேன்."

சபை வீட்டுக்குச் சுவர் கிடையாது, தூண்கள்தான். தலைவர்கள் அவரவர் அந்தஸ்துப்படி அவரவர் தூணில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுநாயகமாகப் பெரிய தலைவர் மனுலேலே. வயதில் எல்லோரையும்விடச் சின்னவர். பட்டம் ஏற்ற மறுநாளே வேலைக்கு ஆக்லாந்து போய், இந்தச் சபைக்காக நேற்றுதான் திரும்பியிருந்தார். கிட்டத்தட்ட எல்லோர் இடுப்பிலும் ஒரு போன் பளபளவென்று செருகியிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. அதனால்தான் நான் உதவியாளன்.

ஸெமு வெளியே புல்லில் தலைகுனிந்து உட்கார்ந்தார். தோலெஃபோ கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"நம்ம முன்னோர் காலத்துலேருந்து இந்த ஊரு ஜெப நேரத்தைக் காத்துட்டு வருது. அந்த நேரத்துல ஒரு வீட்ல கோழி சிரிக்குது. ஒரு தடவை பொறுத்தோம். ரெண்டு தடவை பொறுத்தோம். இனி எவன் வீட்லேருந்து அந்தச் சத்தம் வந்தாலும் அவன் இந்த ஊர்ல இருக்கக்கூடாது. இதான் சட்டம். யாருக்கும் மாறாது."

"மாறாதுன்னு எல்லாரும் ஒத்துக்கறீங்களா?" என்று வெளியிலிருந்து அக்கா பணிவாகக் கேட்டாள்.

தலைவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவின் கை அசைந்தது.

டாங். டாங். டாங்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. என் மனக்கண்ணில் இல்லாத பன்றி ஒன்று ஓடிப்போனது.

"இங்கேதான் இருக்கேன்!" என்றது தோலெஃபோவின் இடுப்பு.

"வந்து எடுத்துக்கோ!" என்றது அடுத்த தூண். பிறகு அதற்கடுத்த தூண். லாவாலாவா மடிப்புகளிலிருந்து, தொப்பைகளுக்கு அடியிலிருந்து, ஒரு பெரியவரின் அக்குளிலிருந்து, சபை வீட்டைச் சுற்றி வட்டமாகக் கோழிகள் சிரித்தன. தோலெஃபோ பழக்க தோஷத்தில் பாட ஆரம்பித்தார். மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு சுருதி. சமையல் வீடுகளிலிருந்து பெண்களும் பாடினார்கள். கல் வைத்த பானைக்குள்ளிருந்து மெலிதாக ஒரு குரல் தான் இங்கேதான் இருப்பதாகச் சொன்னது. தேவாலய வாசலில் போதகர் இரண்டு கைகளையும் தூக்கி அல்லேலூயா என்றார்.

பாடாமல் இருந்தது மனுலேலே மட்டும்தான். வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார்.

கோழிகள் ஒவ்வொன்றாக அமுக்கப்பட்டதும் அவர் மெதுவாகக் கேட்டார். "இதெல்லாம்... என் பட்ட விருந்துல வீட்டுக்கு ஒண்ணா நான் குடுத்த போனா?"

தலைவர்கள் போன்களை மடிப்புக்குள் திணித்தார்கள். பெரிய தலைவர் கையால் கொடுத்த பரிசு அது. அதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, தூக்கிப் போடக்கூடாது, குறை சொல்லவே கூடாது. கொடுத்தவர் வருகிற இடத்துக்கு அதை இடுப்பில் செருகிக்கொண்டு வருவதுதான் மரியாதை. ஸெமு 'கிடைச்சது' என்று மழுப்பியதும், ஒலியானா அக்காவின் காதில் சொன்னதும் இதனால்தான்.

"எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன், ஐயா," என்றார் ஒருவர்.

"நானும்தான்."

"அணைச்சு வச்சுப் பார்த்தேன். திரைதான் கறுத்துச்சு, அது தூங்கல."

மூலைத் தூண்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, நான் செஞ்ச பாவம்தான் என்னைக் கூப்பிடுதுன்னு நினைச்சு என் வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேனேய்யா! அவ அம்மா வீட்டுக்குப் போய் பத்து நாளாச்சு!"

மனுலேலேயின் காதுமடல் சிவந்துவிட்டது. "ஆபியா மார்க்கெட் பின்னாடி ஒருத்தன் மொத்தமா வாங்கினா பாதி விலைன்னான். நல்ல சாமானாத்தான் இருந்துச்சு."

"மீதி விலையை இவங்க எல்லாரும் குடுத்துட்டு இருக்காங்க, ஐயா," என்றாள் அக்கா. "யாரு எங்க போறாங்க, யாரு யாருக்குச் சொந்தம், வீட்ல என்ன பேசுறாங்க, அத்தனையும் அந்தக் கோழி வழியா எங்கேயோ போயிட்டிருக்கு. ஒருத்தரைக்கூட கேக்கலை."

"ஜெபத்தையுமா கேட்டான்?" என்றார் ஒரு பெரியவர்.

"ஜெபம், சண்டை, குறட்டை, எல்லாம்."

சபை கலவரமாகிவிட்டது. நேற்றிரவு தான் என்ன பேசினோம் என்று ஒவ்வொருவரும் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. அக்கா குரலை உயர்த்தவில்லை.

"ஒரு கேள்விதான், பெரியவங்களே. போன வாரத்துலேருந்து ஜெப நேரத்துல அந்தச் சத்தமே வராத வீடு இந்த ஊர்ல எது?"

எல்லோரும் கணக்குப் போட்டார்கள். கணக்கு ஒரே இடத்தில் போய் முடிந்தது. ஸெமுவின் போன்தான் தோலெஃபோ வீட்டுப் பானைக்குள் இருக்கிறதே! இப்போது தீர்மானமான சட்டத்தின்படி வைலாங்கியில் குடியிருக்கத் தகுதியான ஒரே குடும்பம் ஸெமு குடும்பம். மற்ற எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும்.

"முழு ஊரும் எங்க போறது?" என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

"பக்கத்து ஊர்ல இடம் பத்தாது," என்றார் இன்னொருவர், அதைவிட நிஜமாக.

தோலெஃபோ கைத்தடியைத் தூணில் சாய்த்து வைத்தார். மனுலேலேயைப் பார்த்தார். மனுலேலே தலையசைத்தார். இருவரும் எழுந்து போனார்கள். மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை, ஆனால் என்ன நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொலைக்காக இப்படி மன்னிப்புக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன், ஆளை இடித்த பஸ்ஸுக்காகப் பார்த்திருக்கிறேன். ஒரு கோழிக்காகப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. தலைவர்கள் எல்லோரும் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் மெல்லிய பாய்களை எடுத்து வந்து, ஸெமு வீட்டு வாசல் புல்லில் வரிசையாக உட்கார்ந்து, பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு குனிந்தார்கள். தப்புச் செய்தவர்கள் அப்படித்தான் உட்கார வேண்டும். பாதிக்கப்பட்டவன் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. அவன் வராவிட்டால், வரும்வரை அப்படியே இருக்க வேண்டும். உச்சி வெயில். பாய்களுக்கு அடியிலிருந்து ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

ஸெமு உடனே எழுந்தார். ஒலியானா அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"உக்காரு."

"வெயிலடி."

"எனக்கும்தான் மூட்டை கட்டும்போது வெயிலடிச்சுது. உக்காருன்னேன்ல."

அவள் தலைவர்களுக்கு எதிரிலேயே மூட்டைகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். நிதானமாக. ஒவ்வொரு முடிச்சாக. ஒரு பானையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் இன்னொரு பானை. தையல் மிஷினைத் தூக்க நான் போனபோது "நீ நில்லுப்பா, நானே வைக்கிறேன்" என்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. டெலீசியா அக்கா சும்மா நின்றாள். இந்த இடத்தில் துப்பறிய ஒன்றும் இல்லை.

கடைசி மூட்டை அவிழ்ந்ததும் ஒலியானா புருஷனைப் பார்த்துத் தலையசைத்தாள். ஸெமு ஓடிப்போய் முதல் பாயை விலக்கினார். தோலெஃபோவின் முகம் வியர்வையில் நனைந்து, வயது கூடிப்போய் இருந்தது.

"எழுந்திரிங்க பெரியவரே."

தோலெஃபோ எழவில்லை. "ஸெமு, உன்னைத் துரத்தணும்னு நான் சொன்ன அந்த நேரத்துலயும் என் தலகாணிக்கு அடியில அது கத்திட்டேதான்டா இருந்துச்சு."

"தெரியும்," என்றார் ஸெமு.

டெலீசியா அக்கா சட்டென்று திரும்பினாள். இத்தனை வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு அசட்டுத்தனத்தை நான் பார்த்ததில்லை.

"தெரியுமா?" என்றார் தோலெஃபோ.

"அன்னிக்கு பசங்க என்னை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்கல்ல. உள் அறையில கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னா சபையில சொல்லியிருக்கலாமேடா! ஏன்டா சொல்லல?"

ஸெமு அவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"சொல்லியிருந்தா நீங்களும்ல ஊரை விட்டுப் போகணும். இந்த வயசுல எங்க போவீங்க?"